பச்சைப் பெட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. "ஆறு பேர் உட்கார்ந்த மேஜையில இப்போ நாலு பேர்தான்பா" என்று ஒரு வரி அனுப்பினாய். அதற்கப்புறம் மூன்று வாரமாகப் பேச்சே இல்லை. வேலை இருக்கும், புரிகிறது. போன் செய்தால் நான் வேறு எதையாவது கேட்டுவிடுவேன், நீயும் வைத்துவிடுவாய். அதனால் நீங்கள் கார்டு ஆடும் அந்த மேஜையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வராமல் நின்ற இரண்டு பேர் மேல் கோபப்படாதே. புது கார்டுத் தொகுப்பாக செட் மேல் செட் சேரும் எந்த கார்டு விளையாட்டிலும் இது நடக்கும். 300 கார்டு இருந்தால் இரண்டிரண்டாகச் சேர்க்க 44,850 ஜோடி. 3,000 ஆனால் 44,98,500. கார்டு பத்து மடங்கு, ஜோடி நூறு மடங்கு. தனியாகப் பார்த்தால் சாதுவாக இருக்கும் கார்டு, பத்து வருஷம் கழித்து வந்த இன்னொன்றோடு சேர்ந்து ஆட்டத்தை மூன்றாவது டர்னில் முடித்துவிடும். நிறைய வைத்திருப்பவருக்குத்தான் அந்த ஜோடி அகப்படும். நேற்று வந்தவருக்கு அகப்படாது.

ஆரம்பத்திலிருந்தே இந்தக் கோளாறு உண்டு. 1993-ல் நீங்கள் ஆடும் இந்த மேஜிக் வந்தபோது 40 கார்டு இருந்தால் டெக், அதாவது ஒருவர் ஆட எடுத்துவரும் அடுக்கு. ஒரே கார்டை எத்தனை வேண்டுமானாலும் போடலாம். ஒருவர் கொஞ்சம் பேக்தான் வாங்குவார் என்ற நினைப்பு. அந்த நினைப்பு சில மாதம்கூடத் தாங்கவில்லை. 1994-லேயே போட்டிகளுக்கு 60 கார்டு, ஒன்றில் நான்குக்கு மேல் கூடாது என்ற விதியும் தடைப் பட்டியலும் வந்தன. 1995-ல் புது செட்டுகள் மட்டும் செல்லும் 'டைப் 2' என்ற போட்டி வகை வந்தது. மற்ற கார்டு விளையாட்டுகளிலும் இதே கதைதான். போகிமானில் கார்டின் கீழ்மூலையில் இருக்கும் எழுத்தைப் பார்த்துப் பழையதைக் கழிக்கிறார்கள். யூ-கி-ஓவில் எதுவும் காலாவதி ஆவதில்லை. ஒரே கார்டை மூன்று போடலாம் என்பதைப் பட்டியலில் இரண்டு, ஒன்று, பூஜ்யம் என்று குறைத்துக்கொண்டே வருகிறார்கள். போட்டி மேஜைக்கு இதெல்லாம் இருக்கிறது. வீட்டு மேஜைக்கு யாரும் செய்துதர மாட்டார்கள், நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும்.

முதல் காரியம், ஆடுவதற்கு முன்னால் பேசு. "என் டெக் பத்துக்கு ஏழு" என்று சொல்வது பேச்சே இல்லை, எல்லாரும் ஏழு என்றுதான் சொல்வார்கள். நான்கு கேள்வி கேள். தடுப்பவர் இல்லாவிட்டால் எத்தனையாவது டர்னில் ஜெயிக்கும்? இரண்டே கார்டில் முடிவில்லாமல் சுற்றும் காம்போ உண்டா? டெக்கில் தேடி எடுக்கும் கார்டு எத்தனை? மானாவை, அதாவது கார்டை இறக்கக் கொடுக்கும் சக்தியை, போட்டதைவிட அதிகம் தருவது எத்தனை? மேஜிக்கின் கமாண்டர் வகையை ஆடும்போது, டெக்கை வலுவுக்கு ஏற்பப் படிப்படியாகப் பிரிக்க 2025-ல் வந்த பிராக்கெட்டும் கைகொடுக்கும். ஆட்டத்தையே புரட்டுபவை என்று போட்ட 'கேம் சேஞ்சர்' பட்டியலில் உள்ள கார்டு முதல் இரண்டு பிராக்கெட்டில் கூடாது, மூன்றாவதில் மூன்று வரை. ஆனாலும் பட்டியல் பேச்சுக்கு ஈடாகாது. பட்டியலில் இல்லாத நூறு கார்டை வைத்தே ஒருவரை அழவைக்க முடியும்.

அடுத்து, தடை. தோற்ற ராத்திரியிலேயே யாரும் தடை கேட்கக் கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். எதைத் தடுப்பது என்பதில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. கடைசி அடி கொடுத்த பெரிய கார்டைத் தடுப்பார்கள், அடுத்த வாரமே அந்த இடத்தில் இன்னொரு பெரிய கார்டு வந்து நிற்கும். அதை மூன்று டர்ன் முன்னாலேயே கொண்டுவந்த மலிவான கார்டுதான் குற்றவாளி. ஒரு மானா கொடுத்துவிட்டு டர்னுக்கு இரண்டு வாங்கும் சோல் ரிங், டெக்கில் தேடிக் கொண்டுவருபவை, இவற்றைப் பார். 2024 செப்டம்பரில் கமாண்டரில் தடை செய்தவற்றில் மானா கிரிப்டும் ஜுவல்ட் லோட்டஸும் இந்த ஜாதிதான்.

தடை மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் புள்ளி வைத்துப் பார். கனேடியன் ஹைலேண்டர் என்ற மேஜிக் வகையில் அப்படித்தான். 100 கார்டு, எல்லாம் ஒவ்வொன்று, வலுவானவற்றுக்குப் புள்ளி, டெக்குக்கு மொத்தம் 10. உங்கள் மேஜையில் தொந்தரவு தரும் பத்துப் பன்னிரண்டு கார்டுக்கு மட்டும் புள்ளி போட்டால் போதும். நீ ஆசைப்பட்ட கார்டை வைத்துக்கொள்ளலாம், ஆசைப்பட்ட எல்லாவற்றையும் ஒரே டெக்கில் வைக்க முடியாது.

எனக்கு மிகப் பிடித்தது இன்னும் எளிது. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவரும் தோற்றவரும் டெக்கை மாற்றிக்கொண்டு மறுபடி ஆடுங்கள். ஐந்தாறு முறை செய். அதே டெக் ஜெயித்துக்கொண்டே இருந்தால் கோளாறு டெக்கில். அதே ஆள் ஜெயித்தால் கைத்திறமை, அதைச் சொல்லிக்கொடுக்கலாம். இது தெரியாமல் தோற்றவரிடம் "நல்லா ஆடு" என்று சொல்லக் கூடாது.

பாப்பா, அதை நான் சொல்லியிருக்கிறேன். உனக்குப் பச்சைப் பெட்டியில் இருந்த கார்டு முழுவதும் கொடுத்தேன். தம்பிக்கு அந்தந்த வருஷத்துப் புது பேக்தான். அவன் தோற்கும்போதெல்லாம் "அக்கா மாதிரி யோசிச்சு ஆடு" என்றேன். டெக்கை மாற்றி ஆடச் சொல்லியிருந்தால் ஒரே சாயங்காலத்தில் விஷயம் தெரிந்திருக்கும். எனக்கு அப்போதே தெரியும், நீ ஜெயிப்பதைப் பார்க்க ஆசையாக இருந்தது. அவன் ஆடுவதை நிறுத்தியதற்கும், அப்புறம் உங்களுக்குள் பேச்சு நின்றுபோனதற்கும் நான்தான் முதல் காரணம். நீ ஜெயித்தது உன் தப்பில்லை. நீ நன்றாகவே ஆடுவாய், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, மேஜைக்கு வருகிறேன். பழைய குவியல் பெரிதாகிவிட்டால் கடைசியில் க்யூப்தான் வழி. எல்லாரும் ஒரே பொதுப் பெட்டியிலிருந்து எடுத்து ஆடுவது, யார் எவ்வளவு வாங்கினார் என்ற பேச்சே வராது. எட்டுப் பேருக்கு 360 கார்டு, ஒவ்வொன்றும் ஒன்றுதான். ஆளுக்கு 15 கார்டு வீதம் மூன்று கட்டு. கட்டிலிருந்து ஒரு கார்டை எடுத்துவிட்டு மிச்சத்தை இடப்பக்கம் தள்ளு, இரண்டாவது கட்டில் வலப்பக்கம், மூன்றாவதில் மறுபடி இடம். 40 கார்டு டெக், அதில் மானா தரும் லேண்ட் 17. நாலு பேருக்கு 180 போதும். 360-ன் பிரிவினை: மேஜிக்கின் ஐந்து நிறத்துக்கும் ஐம்பது ஐம்பது, பல நிறம் 50, நிறமில்லாதது 40, லேண்ட் 20. அடிப்படை லேண்ட் இதில் சேராது, தனியாக வை. எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்லீவ் (கார்டு உறை), பின்பக்கம் தெரியாததாக. இல்லாத கார்டைத் தாளில் அச்சடித்து ஒரு லேண்டுக்கு முன்னால் செருகினால் போதும், வீட்டு ஆட்டத்துக்கு அதில் தப்பில்லை. புதிதாக ஒன்று உள்ளே போனால் பழையது ஒன்று வெளியே வரவேண்டும், 360 தாண்டக் கூடாது.

க்யூப் கெட்டுப்போவதற்கு ஒரே ஒரு பெரிய காரணம் உண்டு. பேர்பெற்ற பெரிய கார்டுகளாகவே அள்ளிப் போட்டு, ஒன்றிரண்டு மானாவில் இறங்கும் சின்ன க்ரீச்சர்களை மறந்துவிடுவார்கள். வேகமாக அடிக்கும் டெக்கே அமையாது. அந்தப் பயம் இல்லாதபோது எல்லாரும் ஏழு டர்ன் சும்மா இருந்து பெரியதை இறக்குவார்கள், பெரியதைத் தெரிந்தவர்தான் மறுபடி ஜெயிப்பார். சிவப்பிலும் வெள்ளையிலும் பாதி கார்டாவது இரண்டு மானாவுக்குள் இருக்கட்டும்.

யாரிடமும் திடீரென்று இதைத் திணிக்காதே. நின்றுபோன இரண்டு பேரையும் கூப்பிட்டு முதலில் பேசு. ஆடுவதற்கு முன்னால் பேசு என்று மேலேயும் எழுதிவிட்டேன், பரவாயில்லை.

பச்சைப் பெட்டியை இறக்கி நிறம் நிறமாகப் பிரித்து வைத்திருக்கிறேன். க்யூபுக்கு 331 சேர்ந்துவிட்டது. குறைவது 29. அத்தனையும் சிவப்பில் ஒன்றிரண்டு மானா க்ரீச்சர்கள், நீ அவற்றை எடுத்ததே இல்லை. எல்லாம் தம்பியிடம்தான் இருக்கின்றன. நான் கேட்டால் பார்சலில் அனுப்பிவிட்டு இருந்துவிடுவான். நீ கேட்டால் கையில் எடுத்துக்கொண்டு வருவான். அவன் நம்பர் மாறவில்லை.

அன்புடன்,
அப்பா