சில்வர் பெயின்ட் அடித்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர்ப் பூங்காவைப் பராமரிக்கும் நகராட்சி அதிகாரிகளுக்கு,

வணக்கம். சறுக்குமரத்துக்குப் பக்கத்தில் ஆளுயரக் கருங்கல் ஒன்று நிற்கிறதே, போன வாரம் அதற்கு சில்வர் பெயின்ட் அடித்துவிட்டீர்கள். வேலிக்கு அடித்ததில் மிச்சமாம், காவலாளி சொன்னார்.

அது சாமியும் இல்லை, தலைவரும் இல்லை, முகமே கிடையாது. பாதியில் விட்ட கல் என்று நினைத்திருப்பீர்கள். ஒரு பக்கம் வழவழ, மறுபக்கம் சொரசொர. ஆனால் சிற்பமே அதுதான். அம்மி கொத்துவதைப் பார்த்திருப்பீர்கள்: உளி பட்ட இடம் வெளுத்துத் தெரியும், அரைத்துத் தேய்ந்த இடம் கறுத்திருக்கும். கல் ஒன்று, நிறம் இரண்டு. சாயம் எதையும் தொடாமல், மெருகேற்றிய கறுப்பையும் கொத்திவிட்ட வெளுப்பையும் வைத்தே சிற்பி ஒரு வளைவைக் கொண்டுவந்திருந்தார். மழை பெய்தால் எல்லாம் ஒன்றுபோலக் கறுத்துவிடும். வெயில் ஏற ஏற, கொத்திய பக்கம் மெல்ல வெளுத்து வளைவு திரும்பி வரும். அதைப் பார்க்கவே இரண்டு சுற்று கூடுதலாக நடந்திருக்கிறேன்.

காந்திக்கு சில்வர் பூசினாலும் கண்ணாடியையும் கைத்தடியையும் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அரூபச் சிற்பத்துக்கு அப்படிப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. மேற்பரப்பு போனால் ஆளே போன மாதிரி.

படித்தவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித் 1965இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற படைப்புகளுக்குப் பொறுப்பாயிருந்தவர்களில் ஒருவர் கிளமென்ட் கிரீன்பெர்க், பெயர்பெற்ற கலை விமர்சகர். அவர் சில உலோகச் சிற்பங்களிலிருந்த பெயின்ட்டையே எடுக்க வைத்தார். 1974இல் விஷயம் வெளியே வந்து பெரிய சண்டையானது. அவர் எடுத்தார், நீங்கள் பூசினீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, இனி என்ன செய்யலாம்? தயவுசெய்து கிரைண்டர் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், உளித்தடமும் சேர்ந்து போய்விடும். பெயின்ட்டை இளக்கும் மருந்து, நைலான் பிரஷ், நிறையத் தண்ணீர், அதைவிட நிறையப் பொறுமை. முதலில் அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் செய்து பாருங்கள். கல்வேலை தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் கேட்டால் ஆள் சொல்லுவார்கள்.

டப்பாவில் இன்னும் மிச்சமிருந்தால், துருப்பிடித்துக் கிடக்கும் இரும்பு பெஞ்சுகளுக்கு அடியுங்கள். அவற்றில் உட்கார்ந்து என் இரண்டு வேட்டி வீணாகியிருக்கிறது.

இப்படிக்கு,
காலை நடைக்கு வரும் ஒருவன்