ஆறு மாதச் சான்றிதழும் அடுத்தவர் காலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையின் வரி விளம்பரப் பக்கத்தில், 'ஆறே மாதத்தில் பிசியோதெரபி அசிஸ்டென்ட், பத்தாம் வகுப்பு பாஸ் ஆனாலும் ஃபெயில் ஆனாலும் சேரலாம், வெளிநாட்டு வேலை உறுதி' என்று ஒரு விளம்பரம் வந்திருந்தது. என் அண்ணன் மகள் அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்து, "அத்தை, நீங்க பாக்குற வேலைதானே இது, சேரட்டுமா?" என்று கேட்டாள். அவளிடம் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். தாராவியிலும் கோலிவாடாவிலும் அந்தத் துண்டைக் கத்தரித்து வைத்திருப்பது அவள் ஒருத்தியாக மட்டும் இருக்காது.

நான் 19 வருடமாக மும்பையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவில் உதவியாளராக இருக்கிறேன். ஒத்தடம் கொடுக்க மெழுகைச் சூடுபண்ணி வைப்பது, வாக்கரை ஆளின் உயரத்துக்குச் சரிசெய்வது, பக்கவாதம் வந்தவர் இரட்டைக் கம்பிக்கு நடுவில் முதல் அடி எடுத்து வைக்கும்போது இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பது, இதெல்லாம் என் வேலை. நோயாளிகள் என்னை 'மாவ்ஷி' என்றுதான் கூப்பிடுவார்கள். நம் ஊரில் சித்தி என்பதுபோல, இங்கே ஆஸ்பத்திரி ஆயாக்கள் எல்லோருக்கும் அதுதான் பெயர். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

நானும் இப்படி ஒரு ஆறு மாத கோர்ஸ் படித்தவள்தான். புறநகரில் ஒரு கடைக்கு மேலே ஒரே அறை, சுவரில் எலும்புக்கூடு படம், மூலையில் துணி போட்டு மூடிவைத்த ஒரு மெஷின், அது வேலை செய்து நான் பார்த்ததே கிடையாது. மாஸ்டர் புத்தகத்தை இந்தியில் வாசிப்பார், நாங்கள் எழுதிக்கொள்வோம். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிய பீஸுக்கு ஆறு மாதத்தில் ஒரு நோயாளியைக்கூட நான் தொட்டது இல்லை. கடைசி நாள் சான்றிதழ் கொடுத்தார்கள், அடுத்த வாரமே ஒரு ஏஜென்சி என்னை முலுண்டில் ஒரு வீட்டுக்கு அனுப்பியது, அதுவும் 'தெரபிஸ்ட்' என்று சொல்லி.

அங்கே ஒரு பெரியவர், இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. வலிக்கிறது, கொஞ்சம் பிடித்துவிடும்மா என்றார் அவர் மனைவி. தேங்காய் எண்ணெய் போட்டு அரைமணி நேரம் நன்றாக உருவிவிட்டேன், அவர்கள் டீயும் கொடுத்தார்கள். மறுநாள் ஏஜென்சியிலிருந்து போன், காலில் ரத்தம் கட்டியிருக்கிறதாம், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள், நீ போக வேண்டாம் என்று. எனக்கு அப்போது அதன் அர்த்தம் புரியவில்லை. இரண்டு வருடம் கழித்து, இப்போது இருக்கும் ஆஸ்பத்திரியில், எங்கள் பெரிய பிசியோதெரபிஸ்ட் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது, ஆபரேஷனுக்குப் பிறகு ஒற்றைக் கால் வீங்கிச் சூடாக இருந்தால் கை வைக்காதே, உடனே டாக்டரிடம் சொல், உள்ளே கட்டியிருக்கும் ரத்தம் நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்துவிடும் என்றார். நான் கையில் ஹாட் பேக்கோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பெரியவர் பிழைத்துக்கொண்டார். யாரும் என்மேல் புகார் சொல்லவில்லை, சொல்ல யாருக்கும் விஷயம் தெரியாது.

உடம்பைப் பிடித்துவிடுவது பெரிய வித்தை இல்லை. எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதுதான் படிப்பு, அது நோயாளி பக்கத்தில் நின்றால் தவிர வராது. பக்கவாதம் வந்தவரைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது வீட்டுக்காரர்கள் பாசத்தில் செயலிழந்த கையைப் பிடித்துத்தான் இழுப்பார்கள், தோள்மூட்டு இறங்கிப்போகும். மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனவருக்கு முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் சுகமாக இருக்கும், ஆனால் அப்படியே பழகினால் அந்தக் கால் முழுதாக நீளாது. சர்க்கரை நோயாளிக்கு மெழுகு ஒத்தடமா, முதலில் இரண்டு சோதனைக் குழாயில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் வைத்து, கண்ணை மூடச் சொல்லி, எது சூடு என்று கேட்க வேண்டும், ஏனென்றால் மரத்துப்போன பாதம் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. இதயத்துடிப்பைச் சீராக வைக்கும் பேஸ்மேக்கர் கருவி இருப்பவரைக் கரண்ட் மெஷின் பக்கம் அழைத்துப் போவதற்கு முன் கேட்டாக வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. இதையெல்லாம் அந்தக் கடைமாடியில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

சரி, வெளிநாட்டு வேலைக்கு வருவோம். பிள்ளைகள் அதற்காகத்தானே மயங்குகிறார்கள். அமெரிக்காவில் இந்த அசிஸ்டென்ட் என்பது ஒரு தனிப் படிப்பு. 1969-இல் மயாமியிலும் மினியாபொலிஸிலும் முதல் செட் படித்து வெளியே வந்தது. ஏறக்குறைய இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு, அதற்குள்ளேயே ஆஸ்பத்திரிப் பயிற்சி, அப்புறம் நாடு முழுக்க ஒரே தேர்வு, அதன் பிறகு மாநில அனுமதி. இவ்வளவும் முடித்தவர்கூட நோயாளியை முதல்முறை பரிசோதித்துச் சிகிச்சையை முடிவுசெய்யக் கூடாது. அது தெரபிஸ்டின் வேலை, அசிஸ்டென்ட் அவர் மேற்பார்வையில் செய்துகொடுப்பவர். படிப்பு இல்லாமல் வேலையிலேயே பழகிக்கொண்டு கூடமாட ஒத்தாசை செய்பவருக்கு அங்கே வேறு பெயர், 'எய்டு'. அந்தக் கணக்கில் பார்த்தால் 19 வருடம் ஆன நானே எய்டுதான். ஆறு மாதச் சான்றிதழை வைத்துக்கொண்டு அங்கே யார் வேலை தரப்போகிறார்கள்?

நம் பக்கம் மட்டும் படிப்புக்குப் பஞ்சமா என்றால், 1953-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிப் பள்ளி தொடங்கிய ஊர் இது. மகாராஷ்டிராவில் பிசியோதெரபி பட்டத்துக்கு நீட் மதிப்பெண் வேண்டும். நான் பார்த்த மாணவர்கள் எல்லாம் நாலரை வருடம் படித்து, மாநில கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு வந்தவர்கள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்து முடித்து, பதினொன்றில் திடீரென்று ஆங்கிலத்தில் சயின்ஸ் எடுக்க பயந்து காமர்ஸ் பக்கம் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வாசலுக்குப் போக முடியும்? அந்தப் பட்டத்துக்கும் என்னைப் போன்ற மாவ்ஷிக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் இந்த ஆறு மாதக் கடைகள் முளைக்கின்றன.

2021-இல் மத்திய அரசு மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி இப்படி உதவிப் பணி செய்பவரின் டிப்ளமாவே இரண்டு வருடத்துக்குக் குறையாமல், 2,000 மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். விளம்பரத்தில் போட்டிருந்தது தினம் இரண்டு மணி நேரம், வாரம் ஐந்து நாள். ஆறு மாதத்துக்கு 26 வாரம் என்று வைத்துக்கொண்டாலும் 260 மணி நேரம்தான் வருகிறது, நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

ஆள் தேவை இல்லை என்று நான் சொல்லவில்லை, அதுவும் இந்த ஊரில். லிஃப்ட் இல்லாத சால் வீட்டின், அதாவது ஒற்றை அறைகள் வரிசையாக இருக்கும் பழைய மாடிக் குடியிருப்பின் மேல்மாடியில் இருக்கும் பாட்டியை யார் தினமும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள்? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். நெல்லைப் பக்கம் என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் வந்து சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அவர் வந்துபோன நாளுக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் தினமும் செய்துவிட ஒரு கை வேண்டும், தெரிந்த கையாக வேண்டும். மாநகராட்சி ஆஸ்பத்திரிகள் இரண்டு வருட டிப்ளமா ஒன்றை நடத்தி, கொஞ்சம் உதவித்தொகையும் கொடுத்தால், சேர நம் பேட்டையிலேயே நூறு பெண்கள் வருவார்கள்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். இப்படி விளம்பரம் வந்தால் காசை வாங்குவதற்கு முன், எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி, எத்தனை மணி நேரம், பாடம் நடத்துபவர் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நாங்கள் கேட்டுப் பார்த்தோம். ஸ்பீக்கரில் போட்டு அண்ணன் மகளையே பேசவிட்டேன். "ஆஸ்பத்திரி எதுக்கும்மா, வீடியோல எல்லாம் காட்டுவோம், வெள்ளிக்கிழமைக்குள்ள சேந்தா பீஸ்ல குறைச்சுக்கலாம்" என்றார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள், போனை வைத்துவிட்டாள்.

அந்த விளம்பரம் இந்த ஞாயிறும் வந்திருக்கிறது, இப்போது கட்டம் கட்டி, இன்னும் கொஞ்சம் பெரியதாக.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சயான் கோலிவாடா, மும்பை