வெள்ளை ரோஜாவா பாத்து வாங்கு

கண்ணா,

வீடியோ கால்ல நீ பாட்டுக்கு "அந்தக் கால பௌலர்லாம் இப்ப வந்தா செம அடி வாங்குவாங்கம்மா"ன்னு சொல்லிட்டு கட் பண்ணிட்ட. எனக்கு ஆறவே இல்ல. அதான் டைப் பண்றேன், நீளமாத்தான் இருக்கும், பஸ்ல போறப்ப படி.

லீட்ஸ்ல நீ இருக்கற அதே ஹெடிங்லியில 1905ல பொறந்தவர்தான் ஹெட்லி வெரிட்டி. லெஃப்ட் ஆர்ம் ஸ்பின்னர். ஆரம்பத்துல ஒண்ணும் அமையல, வார்விக்‌ஷயர் கவுண்டி (மாவட்ட) டீம் ட்ரயல்ல வேணாம்னு அனுப்பிட்டாங்க, பக்கத்து லங்காஷயர்ல லீக் மேட்ச் ஆடிட்டு இருந்தார், மீடியம் பேஸ் போட்டவர் ஸ்பின்னுக்கு மாறினதே கொஞ்சம் லேட்டாத்தான். யார்க்‌ஷயர் டீமுக்கு வர்றப்பவே 25 வயசு. ரெண்டே வருஷம், 1932ல ஹெடிங்லியிலயே நாட்டிங்ஹாம்ஷயருக்கு எதிரா 10 ரன் குடுத்து 10 விக்கெட், நடுவுல ஒரு ஹாட்ரிக் வேற. ஃபர்ஸ்ட் கிளாஸ்ல, அதாவது டெஸ்ட், கவுண்டி மாதிரி பெரிய மேட்ச்கள்ல, இன்னி வரைக்கும் அதைத் தாண்ட ஆளில்ல. ஆஸ்திரேலியாவோட பெரிய பேட்ஸ்மேன் பிராட்மேனை டெஸ்ட்ல 8 தடவை அவுட்டாக்கினவர்டா, அடி வாங்குவாராம்!

நம்ம சேப்பாக்கத்துக்கும் வந்திருக்கார். 1934 பிப்ரவரி, சேப்பாக்கத்துல நடந்த முதல் டெஸ்ட்டே அதுதான். சி.கே. நாயுடு நமக்கு கேப்டன், வெரிட்டி ஆடின இங்கிலாந்துக்கு ஜார்டின். ஃபர்ஸ்ட் இன்னிங்ஸ்ல 7, அடுத்ததுல 4, மொத்தம் 11 விக்கெட் எடுத்து நம்மாளுங்கள சுருட்டிட்டார். நம்ம அமர் சிங்கும் 7 எடுத்தார், அதையும் சொல்லிடறேன், இல்லன்னா உங்கப்பா கோச்சுப்பார். பேட்ஸ்மேன் உடம்பைக் குறி வச்சு பந்து போட வச்ச 'பாடிலைன்' ஜார்டினை ஊரே திட்டுச்சு, வெரிட்டி என்னடான்னா ரெண்டாவது பையனுக்கு டக்ளஸ்னு அவர் பேரையே வச்சார்.

யுத்தம் வரும்னு முன்னாடியே புரிஞ்சுகிட்ட மனுஷன். 1938-39 சவுத் ஆப்பிரிக்கா டூர்லயே மிலிட்டரி புக்ஸ் எடுத்துட்டுப் போய்ப் படிச்சிருக்கார். 1939 செப்டம்பர் 1, போலந்துக்குள்ள ஜெர்மன்காரன் நுழைஞ்ச அன்னிக்கு இங்கிலாந்துல ஹோவ்ங்கற ஊர்ல சசெக்ஸோட மேட்ச். 9 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். யார்க்‌ஷயருக்கு அதுதான் அவரோட கடைசி மேட்ச். அப்புறம் க்ரீன் ஹவர்ட்ஸ் ரெஜிமென்ட்ல ஆபீசரா சேர்ந்துட்டார். ட்ரெயினிங்குன்னு திரும்ப இந்தியாவுக்கு வந்தார், ராஞ்சிப் பக்கம், அங்க சீதபேதி வந்து படுத்துட்டார் பாவம்.

1943 ஜூலைல இத்தாலியோட சிசிலித் தீவுல சண்டை. கட்டானியா பக்கத்துல ராத்திரி நேரம், பயிருக்குள்ள தவழ்ந்து போய் ஒரு பண்ணை வீட்டைப் பிடிக்கணும், இவர்தான் கம்பெனி கமாண்டர், பயிர் தீப்பிடிச்சு எரியுது, நெஞ்சுல அடிபட்டு விழுந்தும் நிக்காம முன்னாடி போங்கன்னுதான் கத்தியிருக்கார். கூட இருந்த சிப்பாய் இவர் தலையைத் தாங்கிப் பிடிச்சுட்டு இருந்ததுதான் மத்தவங்க கடைசியா பாத்தது. அப்புறம் எதிரிங்க பிடிச்சு தீவுலேர்ந்து இத்தாலி மெயின்லேண்டுக்கு கொண்டு போயிட்டாங்க. கசெர்ட்டாவுல ஜூலை 31 செத்துப் போனார். 38 வயசு.

எனக்கு இந்த விக்கெட் கணக்கை விட வேற ஒண்ணுதான் மனசுல நிக்குது. காயம், ஆளைக் காணோம், இவ்ளோதான் வீட்டுக்குத் தெரியும். பொண்டாட்டியும் ரெண்டு சின்னப் பசங்களும் இருக்காங்க, செத்த சேதி வந்து சேர்ந்தது செப்டம்பர் 1, ஹோவ் மேட்ச் முடிஞ்சு சரியா நாலு வருஷம். ஒரு மாசமா, உயிரோடயே இல்லாத மனுஷனுக்காக சாமி கும்பிட்டுட்டு இருந்திருப்பாங்கல்ல? நீ ஒரு நாள் போன் எடுக்கலன்னாலே இங்க நான் என்ன பாடு படறேன்னு உங்கப்பாவைக் கேளு.

லீட்ஸ்ல அவர் பேர்ல ஒரு பப் இருக்காம், அங்க போயிட்டு வந்தேன்னு எனக்கு போட்டோ மட்டும் அனுப்பாத. லீவுக்கு ஃப்ரெண்ட்ஸோட நேப்பிள்ஸ் போறேன்னியே, கசெர்ட்டா அங்கிருந்து ட்ரெயின்ல கிட்டத்தான். வார் சிமெட்ரியிலதான் அவரைப் புதைச்சிருக்காங்க. ஒரு நடை போயிட்டு வா, நம்ம வீட்டு சார்பா ஒரு பூ வை, காசு வேணும்னா அனுப்பறேன். வெள்ளை ரோஜாவா பாத்து வாங்குடா, யார்க்‌ஷயர் சின்னம் அதான். சிவப்பைத் தூக்கிட்டுப் போய் நிக்காத, அது லங்காஷயர்.

அம்மா