பழைய ரயில் பாதை அகலங்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் சங்கம் எடுத்துக்கொண்ட வேலை ஒன்றுதான். பழைய வட ஆற்காடு மாவட்டத்து ரயில் பாதைகளின் அகலத்தை, அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரத்தை (கேஜ்), வெள்ளைக்காரர் காலத்துச் செய்தித்தாள்களில் உள்ளபடி பதிவேட்டில் ஏற்றுவது. கூட்டங்கள், சந்தா, அலமாரிச் செலவு எல்லாம் பொருளாளர் கணக்கில் வரும்.

பிராட்கேஜில், அதாவது அகலப் பாதையில், வம்பில்லை. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்தது 5 அடி 6 அங்குலப் பாதையில். இன்றைய கணக்கில் 1676 மி.மீ. அந்தச் செய்திகளில் ‘ஆற்காடு’ என்று இருப்பது வாலாஜா ரோடு நிலையம். ஆற்காட்டு ஊருக்குள் ரயில் வந்ததாகப் பதிய வேண்டாம்.

தலைவலி ‘நேரோகேஜ்’ (குறுகிய பாதை) என்று அச்சான செய்திகளில்தான். 1870களின் பத்திரிகைகள் 5 அடி 6 அங்குலத்துக்குக் குறைந்த எதையும் அப்படித்தான் எழுதின. பெரும்பாலும் அது மீட்டர்கேஜ். வைஸ்ராய் மேயோ பிரபு காலத்தில் அகலத்தை முடிவு செய்யப் போட்ட குழுவில் மற்றவர்கள் 2 அடி 9 அங்குலம் போதும் என்றார்கள், எஞ்சினியர் ஃபவுலர் மட்டும் 3 அடி 6 அங்குலம் கேட்டார். 3 அடி 3 அங்குலம் என்று முடிவாகி, மெட்ரிக் முறை வரப்போகிறது என்று 3 அடி 3⅜ அங்குலம், அதாவது 1 மீட்டர், ஆக்கப்பட்டது. எனவே 1870, 1871 செய்திகளில் இந்த நான்கில் எது வந்தாலும் அச்சுப்பிழை என்று அடிக்கக் கூடாது. யோசனையா, முடிவா என்று முன்பின் வரிகளைப் பார்க்க வேண்டும். நேரோகேஜ் என்று கண்டதும் 762 மி.மீ. (2 அடி 6 அங்குலம்) என்று போட்டுவிட்டால் தென்னிந்திய ரயில்வேயின் விழுப்புரம்–வேலூர்–காட்பாடிப் பாதையே பொம்மை ரயிலாகிவிடும். நீலகிரி ரயிலும் மீட்டர்கேஜ்தான். சொன்னால் பலர் நம்புவதில்லை.

நம் மாவட்டத்தின் அபூர்வம் அரக்கோணம்–காஞ்சிபுரம். இந்தியன் டிராம்வே கம்பெனி 1865இல் திறந்த இந்த 19 மைல் பாதை 3 அடி 6 அங்குலம், அதாவது 1067 மி.மீ. அரக்கோணத்தில் பிராட்கேஜ் இருந்ததால் சரக்கை வண்டி மாற்றி ஏற்ற வேண்டியிருந்தது. 1878இல் மீட்டர்கேஜ் ஆனது. வித்தியாசம் 2⅝ அங்குலம்தானே என்று தோன்றும். ஒரு தண்டவாளத்தை மட்டும் அந்த அளவுக்கு உள்ளே தள்ளினாலும் ஆணித்துளை எல்லாம் புதிதாகப் போட வேண்டும். தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் மரக்கட்டையானால் பழைய துளையில் மர முளை அடிக்காவிட்டால் தண்ணீர் இறங்கி அழுகும், ஆணி பிடிக்காது. தண்டவாளத்தை நகர்த்துவதாவது பாதையைப் பராமரிக்கும் கேங் ஆட்கள் வேலை. எஞ்சின், பெட்டிகளின் சக்கர இடைவெளியைக் குறைப்பது பட்டறை வேலை. இந்தப் பாதையைப் பற்றி 1878க்கு முன்னும் பின்னும் வந்த செய்திகளை ஒரே பதிவில் எழுதக் கூடாது. தேடும்போதும் காலம் பார்க்க வேண்டும்: ‘மெட்ராஸ் மெயில்’ 1868இல்தான் தொடங்கியது, ‘தி ஹிந்து’ 1878இல், ‘சுதேசமித்திரன்’ 1882இல். 1865க்கு ‘மெட்ராஸ் டைம்ஸ்’ போன்ற பழைய தாள்கள்தான் கதி.

உண்மையான 2 அடி 6 அங்குலம் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிப் பாதை. 1905இல் திறந்த, பஞ்சக் காப்புக்காகப் போட்ட பாதை. திருப்பத்தூர் 1911இல்தான் சேலத்திலிருந்து வட ஆற்காட்டுக்கு வந்தது. அதனால் திறப்புச் செய்தியைச் சேலம் மாவட்டப் பத்தியில் தேட வேண்டும். இதை ‘2½ அடி’ என்றும் எழுதியிருப்பார்கள். 2.5 என்று எடுத்து எழுதி, பிறகு 2 அடி 5 அங்குலம் என்று படிப்பது எளிதில் நேரும் தவறு. மைக்ரோஃபிலிமில் 2ம் 3ம் ஒன்றுபோலத் தெரியும். 2 அடி 6, 3 அடி 6 இரண்டுமே நம் பக்கம் இருந்தவை என்பதால் எழுத்தை மட்டும் நம்ப முடியாது. கம்பெனிப் பெயர், ஊர்கள், ஆண்டு மூன்றும் பொருந்த வேண்டும். பின்ன எழுத்துகளோ அச்சிலேயே விழுந்துபோகும்: 3⅜ வெறும் 3 ஆகிவிடும்.

பதிவேட்டில் முதல் பத்தியில் அச்சில் உள்ளபடி, ஒரு புள்ளி மாறாமல், இரண்டாவதில் மி.மீ.; மூன்றாவதில் துணைச் சான்று. மூன்றாவது காலியாக இருந்தால் மி.மீ.யைப் பென்சிலில் எழுதுவது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. சிலருக்கு இது கெடுபிடியாகத் தோன்றுகிறது. தளர்த்தும் எண்ணம் இல்லை.

துணைச் சான்றாகப் பழைய ஸ்லீப்பர் கட்டைகள் உதவும். வழக்கமான நீளம் பிராட்கேஜுக்கு 9 அடி, மீட்டர்கேஜுக்கு 6, 2 அடி 6 அங்குலத்துக்கு 5. வேலிக்கு நட்டவை வெட்டுப்பட்டிருக்கும். பாயின்ட் (பாதை பிரியும் இடம்) அடியில் கிடந்தவை நீளம் கூடியவை. ஆணித்துளைகளை அளப்பதானால் உட்பக்க ஆணிகளின் இடைவெளி கேஜை விடச் சில அங்குலம் குறையும், ஏனென்றால் ஆணி பிடிப்பது தண்டவாளத்தின் அடிப்பட்டையை. கேஜ் என்பது தலைப்பகுதிகளின் உள்முகங்களுக்கு இடையில். பாதையே கிடந்தால் வளைவில் அளக்க வேண்டாம். அங்கே வேண்டுமென்றே சற்று விரித்துப் போடுவார்கள், ஆணி தளர்ந்தால் இன்னும் விரியும்.

அடுத்த ஆண்டுக்குக் காட்பாடி–பாகாலா மீட்டர்கேஜ் செய்திகள் ஒதுக்கப்பட்டுள்ளன. தெலுங்கு படிக்கத் தெரிந்த உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கவும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.