ஹெண்ட்ரிக்ஸ் பாட்டு கட்டத் தெரிந்தவரா: மூன்று மாலைகள் வாதாடியவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

மூன்று சனிக்கிழமை மாலைகளை இந்த ஒரு கேள்விக்காக ஒதுக்கினீர்கள். பேசி முடித்து ஒரு வாரம் ஆகிறது, இன்னும் மனசு அங்கேயே நிற்கிறது. அதனால்தான் இந்த மடல்.

அமெரிக்க ராக் இசைக் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கிட்டாரில் மேதை, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்தக் கை பாட்டு கட்டுவதிலும் அதே உயரத்துக்குப் போனதா என்பதுதான் நம் வழக்கு. போகவில்லை என்ற பக்கம் நான் நின்றேன்.

அதற்கு ஆதாரம் தேடித் தந்த அண்ணனுக்கு முதல் நன்றி. 1966 கடைசியில் வந்த முதல் சிங்கிள் (தனிப்பாட்டு இசைத்தட்டு) 'ஹே ஜோ' ஹெண்ட்ரிக்ஸ் எழுதியதல்ல. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 20ஆம் இடம் வரை ஏறிய 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்', அங்கே அவருடைய மிகப் பெரிய வெற்றி, பாடகர் பாப் டிலனுடைய பாட்டு. 1969 உட்ஸ்டாக் இசை விழா என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அவர் வாசித்த அமெரிக்க தேசிய கீதம். அவருடைய புகழின் மூன்று உச்சங்களும் அடுத்தவர் மெட்டு! இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

அப்புறம் எதிர்ப்பக்கத்துத் தங்கை ஒரு மரக் கிட்டாரை மடியில் வைத்தாள். ஆம்ப்ளிஃபயர் இல்லை, பெடல் இல்லை. "பாட்டு தனியா நிக்குதா பாருங்கண்ணா" என்று சொல்லிவிட்டு 'லிட்டில் விங்' ஆரம்பித்தாள்.

ஹெண்ட்ரிக்ஸ் பெருவிரலைக் கிட்டாரின் கழுத்துக்கு மேலாக வளைத்துத் தடித்த கம்பியை அழுத்துவார். கீழ்ச்சுரத்தை அந்த விரல் பார்த்துக்கொள்ளும். மற்ற விரல்கள் கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டைப், பிடித்தபடியே இடையிடையே குட்டிக் குட்டி மெட்டுகளை இழைக்கும். தங்கைக்கு முதல் தடவை விரல் எட்டவில்லை. நிறுத்தினாள், கையை உதறினாள், மறுபடி பிடித்தாள். நான் அவள் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணைக்கு வாசிக்கும் கிட்டார் என்று நான் இத்தனை நாள் நினைத்ததே ஒரு முழு மெட்டாக இருந்தது. வாசிப்பும் பாட்டு கட்டுவதும் அவருக்கு இரண்டு வேலைகள் இல்லை, ஒரே கைதான் இரண்டையும் செய்தது என்று அப்போதுதான் உறைத்தது. 1967 டிசம்பரில் வந்த அந்தப் பாட்டு இரண்டரை நிமிடம்கூட இல்லை. இரண்டே சரணம், பல்லவி கிடையாது. கடைசியில் வரும் தனிக் கிட்டார் வாசிப்பு சூடு பிடிக்கும்போதே ஓசை மெல்லத் தேய்ந்து மறைகிறது. வித்தை காட்டுவது மட்டுமே நோக்கமாக இருந்தால் யாரும் அங்கே அப்படி அடக்கி வாசிக்க மாட்டார்கள். தங்கையே, உனக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

'தி விண்ட் க்ரைஸ் மேரி' வரிகளை இசையே இல்லாமல் வாசித்துக் காட்டிய அக்காவுக்கும் அதே அளவு நன்றி. சண்டை போட்டுக் காதலி வீட்டை விட்டுப் போன பிறகு எழுதி, 1967 ஜனவரியில் பதிவு செய்த பாட்டு அது. நேற்றைய வாழ்க்கையின் உடைந்த துண்டுகளைக் கூட்டும் துடைப்பம் அதில் வருகிறது. அந்த வரியை அக்கா மெதுவாகப் படித்தபோது அறையில் யாரும் பேசவில்லை. கோபம் எங்கேயும் சத்தம் போடவில்லை, காற்று மட்டும் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வரி எழுதத் தெரியாதவரால் இது முடியாது.

ஜாஸ் இசைக்குழுத் தலைவர் கில் எவன்ஸ் 1974இல் ஹெண்ட்ரிக்ஸ் இசைக்கென்றே ஒரு ஆல்பம் போட்டதை நினைவுபடுத்திய நண்பருக்கும், எல்லாவற்றையும் குறிப்பெடுத்தவருக்கும் நன்றி.

சரி, முழுதாக நான் கட்சி மாறிவிட்டேனா? இல்லை. நீண்டு போகும் சில பதிவுகளில் பாட்டு தேய்ந்து வாசிப்பு மட்டுமே மிஞ்சுகிறது என்று இன்றும் சொல்வேன். ஆனால் 27 வயதில், மூன்று ஸ்டுடியோ ஆல்பங்களோடு போய்விட்டவரை "வாசிக்க மட்டும் தெரிந்தவர்" என்று இனி என் வாயால் சொல்ல மாட்டேன்.

அண்ணா, நீங்கள் கொடுத்த இசைத்தட்டுகளைத் துடைத்து உறையில் போட்டு வைத்திருக்கிறேன். 'லிட்டில் விங்' இருப்பதை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறேனே.

அன்புடன்,
உங்கள் எதிர்க்கட்சிக்காரன்