செயலாளர் ஆண்டறிக்கை: நீர்மூழ்கிக்கு ஒரு ஜெட்

தலைவர் ஐயா அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், பட்டறையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். லேத் பயிற்சி வகுப்பு வழக்கம்போல் நடந்தது. இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி, ஒருவர் அமரக்கூடிய நீர்மூழ்கியை, தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி நகர்த்தும் ஜெட்டின் வடிவமைப்புக்கே போனது.

புரொப்பெல்லரே போதாதா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இந்த வேகத்துக்கு நல்ல புரொப்பெல்லர் மின்சாரத்தைக் குறைவாகவே இழுக்கும். ஆனால் நம் சோதனை தோட்டத்துக் கிணற்றில். பக்கத்தில் ஆட்கள் நீந்துவார்கள், கயிறும் கிடக்கும். சுழலும் இலை வெளியே இருக்கக் கூடாது என்பது செயற்குழுவின் முடிவு. மேலும், ஜெட் என்பது ஒரு பம்ப்தான். கோவைக்காரர்களுக்குப் பம்ப் புதிதா?

விவாதம் சூடானதும் அங்கேதான். கையிருப்பில் உள்ள போர்வெல் பம்பையே மாட்டலாம் என்றது ஒரு தரப்பு. கணக்கு வேறு சொன்னது. 80 செ.மீ. விட்டமுள்ள நீர்மூழ்கியின் கூடு நொடிக்கு 1.5 மீட்டர் நகர, தண்ணீரின் எதிர்ப்பு சுமார் 140 நியூட்டன் என்று வைத்துக்கொண்டோம். நொடிக்கு 3 லிட்டர் தள்ளும் பம்ப் இந்த விசையைத் தர, தண்ணீர் 9 மி.மீ. நாசிலில், அதாவது வெளியேறும் வாயில், நொடிக்கு 48 மீட்டர் வேகத்தில் பாய வேண்டும். அதற்குத் தண்ணீருக்கே சுமார் 3,450 வாட் கொடுக்க வேண்டும். நொடிக்கு 60 லிட்டர் தள்ளினால் 3.8 மீட்டர் வேகம் போதும், சுமார் 370 வாட்டில் முடிகிறது. விசை அதேதான், செலவு பத்தில் ஒரு பங்கு. பம்ப் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றும் என்ற ஹெட்டைப் பெருமையாகப் பேசியே பழகிய நமக்கு இதை ஏற்கக் கொஞ்சம் நாளானது. நியூசிலாந்தின் வில்லியம் ஹாமில்டன் 1950களில் ஆழமற்ற ஆறுகளுக்காக உருவாக்கிய ஜெட் படகுகள் வேகமாக ஓடுபவை. அங்கே பின்னால் பாயும் நீர்த் தாரையும் வேகமாக இருக்கலாம். நாம் நடக்கும் வேகத்தில் போகிறோம்.

எனவே நாசில் 14 செ.மீ., உள்ளே தண்ணீரை அச்சின் திசையிலேயே தள்ளும் சுழல் இலையான ஆக்சியல் இம்பெல்லர், அதன் பின்னால் தண்ணீரின் சுழலை நேராக்கும் அசையாத தகடுகளான கைடு வேன். உறிஞ்சும் வாய் மணி வடிவில், சல்லடை போன்ற ஜாலித் தடுப்புடன். தண்ணீர் நிரம்பிய மோட்டார், நீர்மூழ்கியின் கூட்டுக்கு வெளியிலேயே இருக்கும். உள்ளே வருவது கேபிள் மட்டும். சுழலும் ஷாஃப்ட் கூட்டைத் துளைக்காததால் அங்கே சீல் கசியும் பயம் இல்லை. என் பார்வையில் முழு வடிவமைப்பிலும் மிக நல்ல முடிவு இதுதான். மோட்டாரைக் குறைந்த வோல்ட்டுக்கு ரீவைண்டிங் செய்துவரும் நம் மூத்த உறுப்பினருக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

அடுத்து, கிணற்றில் நீர்மூழ்கியைக் கட்டிவைத்துத் தராசில் இழுவை பார்ப்போம். ஓடும்போது கிடைப்பதைவிட அந்த அளவு கூடுதலாகவே காட்டும் என்பதை இப்போதே பதிவு செய்கிறேன்.

கைடு வேனின் வார்ப்பு மாதிரியான பேட்டர்னுக்கும் வார்ப்புக்கும் ஆகும் செலவையும், ஆள் ஏறாத சோதனைகள் முழுதாக முடியும்வரை யாரும் உள்ளே அமரக் கூடாது என்ற தீர்மானத்தையும் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.