நட்டைப் பிடிக்காத பேசின் ரெஞ்ச்: பணத்தைத் திருப்பித் தரவும்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

வாஷ்பேசின் குழாயை மாற்றுவதற்காக, நீட்டிக் குறைக்கும் தண்டு உள்ள உங்கள் பேசின் ரெஞ்சை வாங்கினேன். குழாயைக் கீழிருந்து பிடித்திருக்கும் நட்டு, பேசினுக்கும் சுவருக்கும் இடையில் கை நுழையாத சந்தில் இருக்கிறது. அங்கே சாதாரண ஸ்பானரைச் சுழற்ற இடமில்லை. அந்த ஒரு வேலைக்கென்றே செய்த கருவி, அதைச் செய்யவில்லை.

தாடையின் ஸ்பிரிங்தான் பெரிய குறை. நட்டைத் தானாகக் கவ்வ வேண்டிய தாடை, தண்டை நிமிர்த்தியதுமே தன் எடையில் மறுபக்கம் சாய்கிறது. மல்லாந்து படுத்து, ஒரு கையில் டார்ச், மறுகையில் ரெஞ்ச் என்று இருப்பவர் தாடையைத் தாங்கிப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவார்?

எப்படியோ மாட்டித் திருப்பினால் பல் வழுக்குகிறது. நட்டு பித்தளை, எஃகைவிட மென்மையானது. பித்தளையைக் கடித்து எஃகுப் பல் மழுங்குகிறது என்றால் அந்த எஃகைச் சரியாகக் கடினப்படுத்தவில்லை என்றுதானே பொருள்? நட்டின் முனைகளும் தேய்ந்தது தனி நஷ்டம். தண்டின் நீளத்தை நிலைநிறுத்தும் பூட்டும் அழுத்தம் கொடுத்தால் நழுவுகிறது.

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், நான்தான் தாடையைத் திசை மாற்றி மாட்டியிருக்க வேண்டும் என்றார். தாடையை ஒரு பக்கம் புரட்டினால் கழற்றவும் மறுபக்கம் புரட்டினால் இறுக்கவும் என்பது எனக்குத் தெரியும். கீழிருந்து பார்த்து இடஞ்சுழியாகத்தான் திருப்பினேன். மாற்றி மாட்டினால் தாடை கவ்வாமல் நழுவும், அவ்வளவுதான். பல் மழுங்க வழியில்லை. நட்டு இறுகிப்போயிருக்கும் என்றும் சொன்னார். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். இறுகிய நட்டைக் கழற்றத்தானே இதை வாங்குகிறார்கள்? பிறகு வந்த பிளம்பர், நீளம் மாறாத தண்டுள்ள தன் பழைய ரெஞ்சால் அதே நட்டைக் கழற்றிவிட்டார்.

இதே மாடலில் இன்னொன்று அனுப்புவதாகச் சொல்கிறீர்கள். வேண்டாம். முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். கருவியை எடுத்துச் செல்லும் செலவும் உங்களுடையதே. பில்லையும், மழுங்கிய பல், சாயும் தாடை ஆகியவற்றின் படங்களையும் இணைத்திருக்கிறேன். அப்புறம், பெட்டியில் இருக்கும் ‘ஒரே கையால் இயக்கலாம்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். பதிலை எழுத்தில் அனுப்பவும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்